முத்தண்ணன் சொல்லாத வரி

அன்புள்ள அருள்,

போன வாரம் சாப்பிடும்போது நீ கேட்ட கேள்வி இன்னும் என் மனதிலேயே இருக்கிறது. "முத்தண்ணன்னு ஒருத்தர் நெஜமாவே இருந்தாராம்மா?" என்று கேட்டாய். நான் மோர் ஊற்றிக்கொண்டே, இல்லை, அது நம் கடையின் மாத நோட்டீசுக்காக நான் எழுதிய ஆள் என்று சொன்னேன். நான் எழுதிய ஆள் என்பது உண்மை. அதனால் அவர் இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கியவள் இப்படி எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கும் இப்படி எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் உன் கல்யாணம் முடிந்ததும் நான் சேலத்துக்குப் போய் என் தங்கையோடு இருக்கப்போகிறேன். உன் அப்பா விட்டுப்போன ராசிபுரம் கடையும் அதன் நோட்டீசும் உன் கைக்கு வருகின்றன. அதற்கு முன் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நேரில் உட்கார்ந்தால் நான் கடைச் சாமான்களைப் பற்றிப் பேசுவேன், நீ கரண்ட் மோட்டார் வந்து நம் எஞ்சின் வியாபாரத்தை அழிப்பதைப் பற்றிப் பேசுவாய். இருவரும் எழுந்து போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கும் படித்துக் காட்டலாம். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

விஷயம் அந்த மூன்று வரிதான். இந்த மாத நோட்டீசில் முத்தண்ணன் பேசுவதாக நீ புதிதாகச் சேர்த்திருக்கும் வரிகள். "இந்தப் புது எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தாலும் புகைக்குப் பயமில்லை. நானும் இதைத்தான் வாங்கியிருக்கிறேன். நீங்களும் தைரியமாக இறக்குங்கள்." கம்பெனி ஏஜெண்டு அப்படிச் சொன்னார், நீ எழுதினாய். சேலத்தில் ஒரு நாடகக்காரருக்கு முண்டாசு கட்டி, முத்தண்ணன் என்று படம் எடுத்து, அச்சுக்குப் பிளாக்கும் செய்துவிட்டாய். நான் வேண்டாம் என்றபோது நீ கோபப்படவில்லை. "இல்லாத ஆள்தானேம்மா, அவர் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நோட்டீஸ் நாளை அச்சேறுகிறது. அந்த வரியை நம்பி ஒருவன் கிணற்றுக்குள் இறங்குவான் என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நோட்டீஸ் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கடை வாசலில் நட்டு, போல்ட்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஆயில் எஞ்சின் கடை வைத்த புதிதில் யாரும் உள்ளே வரவில்லை. மாடு கட்டிக் கவலை இறைத்தவர்களுக்கு எஞ்சின் என்றால் பயம். விளம்பரம் செய்யலாம் என்று அவர் சொன்னார். நம் கடை சிறந்தது என்று எல்லாக் கடைக்காரனும்தான் அச்சடிக்கிறான், படிக்கிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டேன். அப்படியென்றால் பிரயோஜனமாக நீயே எழுது என்றார். எழுதினேன். எண்ணெய் எப்படி எரிகிறது, அழுத்தம் என்றால் என்ன, வெப்பம் எப்படி விசையாகிறது என்று கல்லூரிப் பாடம் போல ஒரு பக்கம். அடுத்த செவ்வாய்க்கிழமைச் சந்தையில் எனக்குப் பொரி கட்டிக் கொடுத்த காகிதம் அதுதான். பொரிக்காரருக்கு என்னைத் தெரியும். "நல்ல கெட்டிக் காயிதமுங்க, அடுத்த மாசமும் அடிப்பீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அதன் பிறகு நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். பட்டறையில் மெக்கானிக்கிடம் வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று கவனித்தேன். எஞ்சின் கருப்பாய்ப் புகை விடுகிறது, ஏன்? காலையில் சுற்றினால் கிளம்ப மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? பெல்ட் பட்டை நழுவுகிறது, எதைத் தடவுவது? இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். ஆனால் கடைக்காரர் சொன்னால் விற்கச் சொல்கிறார் என்பார்கள், படித்த பொம்பளை சொன்னால் கேட்கவே மாட்டார்கள். அதனால் ஒரு விவசாயியை எழுதினேன். கரட்டுத்தோட்டம் முத்தண்ணன். நம் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கரடு இருக்கும், அந்தக் குன்றின் அடியில் ஒரு கரட்டுத்தோட்டம் இருக்கும். எவரும் தன் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெயர். மாதம் ஒரு தொல்லை அவருக்கு வரும். அவர் முதலில் தப்பாக எதையாவது செய்வார், அசடு வழிவார், பிறகு சரி செய்வார். கடைப் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. முத்தண்ணன் எதையும் வாங்கச் சொல்லமாட்டார். எண்ணெய்க் கை பட்டாலும் கிழியாத அட்டையில், பெரிய எழுத்தில், மூலையில் ஒரு ஓட்டை போட்டு நூல் கோத்துக் கொடுத்தோம். எஞ்சின் கொட்டகை ஆணியில் மாட்டிக்கொள்வதற்கு. ஓட்டை போட்ட பிறகு சந்தையில் நம் நோட்டீஸ் பொரி கட்ட வரவே இல்லை.

அவர் முகத்தை நான் எழுதியதே இல்லை. முகம் எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று மட்டும் என் மனதில் இருந்தது. அடுத்தவர் தோட்டத்துக்குள் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார், பேசி முடித்துத் திரும்பும் வரை கீழே போடமாட்டார். எழுதும்போது அப்படித்தான் அவர் எனக்குத் தெரிவார். அதை நான் அச்சில் போட்டதில்லை, உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரு வருஷத்துக்குள் ஆட்கள் கடைக்கு வந்து முத்தண்ணன் இருக்கிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். "தோட்டத்துல வேலையா இருக்காரு" என்பார் உன் அப்பா, முகம் மாறாமல். குமாரபாளையத்திலிருந்து ஒரு தறிக்காரர், எஞ்சினுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும் முத்தண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றும் ஆள் அனுப்பினார். நாங்கள் சிரித்தோம். வியாபாரம் நன்றாக நடந்தது. சிரிக்காமல் என்ன செய்வது?

நயா பைசாப் புதுக் காசு வந்த வருஷத்துக் கோடையில் கிணறுகள் வற்றின. தண்ணீர் இறங்க இறங்க எஞ்சினையும் இறக்கினார்கள். கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து, பாதி ஆழத்தில் எஞ்சினை உட்கார வைத்து, புகைக் குழாயை மேலே வெளியில் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் குழாயில்தான் வந்தது வினை. குழாயின் வாய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தால் எருமை இருமும், பால் குறையும். எருமை இருமக் கூடாது என்பதற்காக மேல் துண்டுக் குழாயைக் கழற்றிவிட்டு, புகை கிணற்று வாய்க்குக் கீழேயே நின்றுவிடும்படி வைத்தவர்கள் பல பேர். எஞ்சின் நின்றுபோனால் கயிற்றில் லாந்தரை இறக்கிப் பார்ப்பார்கள். பழைய பாழுங்கிணற்றுக்குச் செய்கிற மாதிரி. விளக்கு அணையாவிட்டால் இறங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடம் எஞ்சின் புகைக்குச் செல்லாது. அந்த விஷக் காற்று இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும், இறங்கியவன்தான் எழுந்து வரமாட்டான். நான் படித்த படிப்பில் இந்த ஊருக்கு உபயோகமான ஒரே விஷயம் அதுதான் என்று நினைத்தேன். அடுத்த மாத நோட்டீசுக்கு அதை எழுதினேன். விளக்கு எரியுதுன்னு இறங்காதே என்று முத்தண்ணன் சொல்கிறார். ஒரு கோழியைக் கூடையில் வைத்து இறக்கிப் பார் என்கிறார். உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கோழிய எறக்கினா பொண்டாட்டி அவனையும் சேர்த்து எறக்கிடுவா" என்றார். தாள் என் தையல் மெஷின் டிராயரில் இருந்தது. அச்சாபீசுக்கு இன்னும் போகவில்லை.

அந்த வாரமே நாச்சிமுத்து வந்தார். வெண்ணந்தூர்ப் பக்கத்து ஆள், நம் கடையில் எஞ்சின் வாங்கியவர். ஒரு கூடை நிலக்கடலையை மேஜை மேல் வைத்தார். முத்தண்ணனுக்கு என்றார். அன்று நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். கணக்குப் பார்ப்பது போல நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"எதுக்குங்க கடலை?" என்றார் உன் அப்பா.

"நேத்துக் காத்தால எஞ்சின் நின்னுபோச்சுங்க. லாந்தர எறக்கிப் பாத்தேன், திரி அசையாம எரிஞ்சுது. படியில கால வெச்சுட்டேன். கெணத்து மேட்டுல இருந்து முத்தண்ணன் கூப்பிட்டாருங்க. 'சாமி, வெளக்கு எரியுதுன்னு எறங்காத. ஒரு கோழிய எறக்கிப் பாரு'ன்னாரு. எனக்கு எரிச்சலுங்க. கோழியென்ன சும்மாவா வருது? ஆனா அவரு நவுரல. செரின்னு கூடையில வெச்சு எறக்கினேன். இழுத்தா தல தொங்கிப்போயி வருதுங்க."

உன் அப்பா கடலைக் கூடையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, வந்தது முத்தண்ணன்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கேட்டனுங்களே. கரட்டுத்தோட்டம்னாரு. தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னேன். பருத்தி வரப்போரமா நின்னு, செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு நாளைக்கு வாரேன்னாரு. நான் கோழியப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஆளக் காணம்."

கோழி என்றபோது நான் எழுந்திருக்கவில்லை. செருப்பு என்றபோது எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

நான் எதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவள் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாள் டிராயரை விட்டுப் போகவில்லை. உன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம் செய்யச் சொன்னேன், சிரித்துக்கொண்டே செய்தார். மெக்கானிக்குக் கோழி விஷயமே தெரியவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பிய எவராவது வழிப்போக்காக வந்திருக்கலாம்; அவர்கள் குருவியை வைத்துப் பார்ப்பார்கள். கரட்டுத்தோட்டக்காரர்கள் நூறு பேர் இருப்பார்கள். செருப்பைக் கையில் எடுப்பது அதிசயம் இல்லை. இப்படியே சொல்லிக்கொண்டு ஒரு நாள் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்கே போனேன். கிணற்று மேட்டில் நின்று பார்த்தேன். நாலு பக்கமும் வெட்டவெளி. மறைவதற்கு ஒரு பனைமரம்கூட இல்லை. நாச்சிமுத்துவின் மனைவி எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அன்று யார் வந்தது என்று கேட்டேன். "ஆரும் வல்லீங்க" என்றார். "நான் ஊட்டு வாசப்படியில இருந்து பாத்துட்டேதான் இருந்தேன். இவருதான் மேட்டப் பாத்துத் தலைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு நின்னாரு. அப்பறம் வந்து என்ற கோழியப் புடுச்சுட்டுப் போயிட்டாரு."

படியில் கால் வைத்தவருக்குப் புகையின் மேல் காற்று கொஞ்சம் பட்டிருக்கும், தலை சுற்றியிருக்கும், ஆணியில் தொங்கிய நோட்டீசின் நினைவில் முத்தண்ணனைக் கண்டிருப்பார் என்பது என் முடிவு. இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். தலை சுற்றியவருக்கு என் டிராயருக்குள் இருந்த கோழி எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால், பேச்சை மாற்றுவேன்.

கதை பரவியது. அதன் பிறகு அவரைப் பார்த்ததாகச் சொன்னவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. சேலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், ஜேடர்பாளையம் அணைக்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம். பேர் வாங்கிய ஆளைப் பார்த்தேன் என்று சொல்ல யாருக்கும் ஆசை இருக்கும். உன் ஞானம் அத்தை கல்லறைத் திருநாளுக்கு மாதா கோயில் சாமியாரிடம் கொடுத்த இறந்தவர் பெயர்களோடு முத்தண்ணனையும் சேர்த்துவிட்டார். ஞானஸ்நானம் வாங்கியவரா என்று சாமியார் கேட்டாராம். "இருக்கிறவரு இல்லைன்னா செத்தவர்தானே சாமி, அதனால ஒரு ஜெபம் சொல்லிவையுங்க" என்று அத்தை பதில் சொன்னார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் என் செபமாலையைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது பற்றி எழுதி வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போனேன். வந்து பார்த்தபோது ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. என் பேனா, என் கை அடிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு. அடித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வரியை மெக்கானிக்கிடம் காட்டினேன். அப்படிச் செய்தால் பேரிங் போய்விடும் என்றார். நான்தான் அடித்து மறந்திருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் அன்றிலிருந்து, நேரில் பார்க்காத எதையும் முத்தண்ணன் வாயில் வைப்பதை விட்டுவிட்டேன். பட்டறையில் நானே நின்று பார்த்தபின்தான் எழுதினேன். இத்தனை வருஷம் நம் கடை நின்றதற்கு எஞ்சின் காரணமில்லை அருள். எஞ்சின் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். அந்த ஆணியில் தொங்குகிற அட்டை பொய் சொன்னதில்லை என்பதுதான் காரணம்.

கரண்ட் வந்துவிட்டது, எஞ்சின் இனி கரண்ட் வராத கிழக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான் போகும், நோட்டீசும் மாற வேண்டும் என்கிறாய். மாறட்டும். மோட்டாரைப் பற்றி எழுது. மழை நாளில் சுவிட்சை ஈரக் கையால் தொடாதே என்று எழுது. ஃப்யூஸ் போனால் முரட்டுக் கம்பியைக் கட்டாதே என்று எழுது. திங்கட்கிழமை காலையில் எஞ்சின் முன்னால் நின்று விழிக்கிற ஒருவனை மனதில் வைத்து எழுது. படமும் வேண்டுமானால் போட்டுக்கொள். உன் கடை, உன் காலம். அந்த மூன்று வரியை மட்டும் எடுத்துவிடு. அந்த எஞ்சின் புகை விடவில்லை என்று நீ கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாயா? ஏஜெண்டு பார்த்தாரா? முத்தண்ணன் இல்லாத ஆள்தான். ஆனால் அவர் சொன்னார் என்று இருக்கிற ஆட்கள் இறங்குகிறார்கள், இறங்காமல் நிற்கிறார்கள். நாச்சிமுத்துவின் பேரனுக்குப் போன மாதம் காது குத்தினார்கள், அழைப்பு வந்தது, நீயும் நானும் போய்ச் சாப்பிட்டோம்.

நாளைக் காலை நீ எழுந்ததும் இதை உன்னிடம் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை, மாலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை. இதை உன்னிடம் கொடுக்க முடியவில்லை. நான் எழுவதற்குள் நீ புரூஃப் பார்க்க அச்சாபீசுக்குப் போய்விட்டாய். கடிதம் இன்னும் என் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் எழுதியதே யாருக்கும் தெரியாது. நடந்ததை நீயும் பார்த்தாய். இருந்தாலும் நான் கண்டபடி எழுதிவைக்கிறேன்.

நான் அச்சாபீசுக்குப் போனபோது நீ புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். மூன்று வரி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. எழுத்துக் கோக்கும் சென்னியப்பன், அந்த எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டாகிவிட்டது என்றார். யார் சொல்லி என்று நீ அதட்டினாய்.

"ஏனுங்க, நீங்க அனுப்பிச்ச ஆளு இல்லீங்களா?" என்றார் அவர். "கதவத் தெறக்கையிலயே வந்து நின்னாரு. படிச்சுக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். 'அது நாஞ் சொன்னதில்லீங்களே, எடுத்துருங்க'ன்னாரு. அந்தப் பிளாக்கப் பாத்துட்டு, 'இது ஆருங்க?'ன்னு சிரிச்சாரு. உள்ள வாங்கன்னா வல்லீங்க. செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டு, வாரேனுங்கன்னு போயிட்டாரு."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நீங்கள் யாரையாவது அனுப்பினீர்களா என்று கேட்டாய். இல்லை என்றேன். நான் பொய் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வெகுநேரம் புரூஃபையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்தில் வேறு என்ன கோப்பது என்று சென்னியப்பன் கேட்டார். உன் சட்டைப் பையில் அந்த வரிகள் எழுதிய தாள் இருந்தது. நீ அதை எடுக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாங்க. அப்படியே அடிங்க" என்றாய்.

மாலையில் நோட்டீஸ் கட்டு வந்தது. மூலையில் ஓட்டை போட்டு நூல் கோத்தோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாடகக்காரர் படத்துக்குக் கீழே மூன்று வரி அகலத்துக்கு வெள்ளை இடம். விளக்கு வைக்கிற நேரத்தில் நீ எழுந்து போய்க் கடை வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். நான் அடுத்த அட்டைக்கு நூல் கோத்தேன்.